ஷெர்பூரின் குடைகள்: அவள் காத்திருந்திருக்க வேண்டுமா?

#1 மாலைக்காட்சி

ழாக் தெமி இயக்கி 1964இல் வெளிவந்த 'ஷெர்பூரின் குடைகள்' படத்தை நேற்று இரவு நான்காவது முறையாகப் பார்த்தேன். முடிந்தபின் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த இழை. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள், முடிவு வரைக்கும் பேசப்போகிறேன்.

கதை சின்னதுதான். பிரான்சின் வடமேற்கே, மழை ஓயாத ஒரு துறைமுக ஊர் ஷெர்பூர். அங்கே குடைக் கடை வைத்திருக்கும் மதாம் எமெரியின் மகள் ழெனெவியேவ். கார் மெக்கானிக் கீ. இருவருக்கும் காதல். 1957 நவம்பரில் படம் தொடங்குகிறது. கீக்கு ராணுவத்திலிருந்து ஓலை வருகிறது. இரண்டு வருடம், அல்ஜீரியா. பிரான்சின் ஆட்சியில் இருந்த அந்த நாடு விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருந்த காலம். அவன் போனபின் அவள் கர்ப்பமாக இருப்பது தெரிகிறது. கடிதங்கள் அரிதாகத்தான் வருகின்றன. குழந்தை பிறப்பதற்குள் ரோலான் கஸார் என்கிற வைர வியாபாரியை அவள் மணந்துகொண்டு ஊரைவிட்டுப் போய்விடுகிறாள். 1959 மார்ச்சில் கீ காலில் காயத்தோடு திரும்பி வருகிறான். குடைக் கடையை வேறு யாரோ வாங்கியிருக்கிறார்கள்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அவள் துரோகம் செய்தாளா இல்லையா" என்பதில்தான் வந்து நிற்கிறது. எனக்கு அது தவறான கேள்வியாகப் படுகிறது. தெமி ஒரு துப்பாக்கியைக்கூடக் காட்டவில்லை. போர் இந்தப் படத்தில் ஒரு தாளாகவும் மாதங்களின் பெயராகவும் மட்டுமே வருகிறது. திரையில் "ஜனவரி 1958", "பிப்ரவரி 1958" என்று எழுத்துகள் வந்து போகின்றன. அவ்வளவுதான். ஆனால் அந்த மாதங்கள்தான் இவர்களைக் கொன்றன. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

#2 கரிசல்மண்

நீங்கள் கேட்பது சரியான கேள்விதான், ஆனால் அந்தப் பெண்ணை இவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியாது. ரயில் நிலையத்தில் அழுகிறாள். நீ இல்லாமல் உயிரோடு இருக்க மாட்டேன் என்கிறாள். சில மாதத்தில் இன்னொருவன் கையைப் பிடித்துக்கொண்டு தேவாலயத்தில் நிற்கிறாள். அதுவும் கீயின் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு.

கீயின் அத்தை எலீஸ் அதே ஊரில்தானே இருந்தாள்? அவளைக் கவனித்துக்கொண்டு மதலேன் இருந்தாள். அங்கே போய் இருந்திருக்கலாம். வழியே இல்லாமல் போகவில்லை. அவள் அந்த வழியைத் தேடவில்லை.

#3 தையலூசி

கரிசல்மண் அண்ணா, அந்தப் பெண்ணுக்குப் பதினாறு பதினேழு வயது. கல்யாணம் ஆகாமல் வயிற்றில் பிள்ளை. 1958ஆம் வருடம், சின்ன ஊர், கடையில் கடன் கழுத்தை நெரிக்கிறது. அம்மா முத்து மாலையை விற்க நகைக்கடைக்குப் போகிறாள், அங்கேதான் ரோலானே அறிமுகமாகிறான். நோயில் படுத்திருக்கும் அத்தையின் வீட்டில் போய் இவள் எந்த உறவைச் சொல்லி உட்காருவாள்?

அவள் சொல்கிற ஒரு விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. கீயின் முகம் மறந்துபோகிறது என்கிறாள். அவனை நினைத்தால் மனதில் வருவது அவன் முகம் இல்லை, கையில் இருக்கும் புகைப்படம்தான் என்கிறாள். அவனுக்காகச் சாவேன் என்று இருந்தேனே, ஏன் நான் இன்னும் சாகவில்லை என்று அம்மாவிடமே கேட்கிறாள். காதலுக்காகச் சாவதெல்லாம் சினிமாவில்தான் என்று அம்மா பதில் சொல்கிறாள். மனசு மாறிப்போனவள் பேசுகிற பேச்சா அது? தன் மனசு தன் கையை விட்டு நழுவுவதைத் தானே பார்த்துப் பயப்படுகிறவளின் பேச்சு. எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்துவிடும்.

#4 தபால்முத்திரை

கடிதங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பழைய அஞ்சல் உறைகள் சேர்ப்பவன். அல்ஜீரியப் போர்க்கால பிரெஞ்சுப் படைவீரர்களின் உறைகள் சில என்னிடம் இருக்கின்றன. தபால்தலை ஒட்ட வேண்டியதில்லை, 'எஃப்.எம்.' என்று எழுதினால் போதும், ராணுவச் சலுகை. அனுப்புகிறவன் முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது. 'எஸ்.பி.' என்று போட்டு ஐந்து இலக்க எண், அதாவது ராணுவ அஞ்சல் வட்டாரம். எந்த மலையில், எந்தக் கிராமத்தில் இருக்கிறான் என்று வீட்டுக்குத் தெரியாது.

ழெனெவியேவின் நிலையில் இதை வைத்துப் பாருங்கள். அவள் எழுதுவது ஒரு எண்ணுக்கு.

படத்தில் கீயின் கடிதம் ஒன்று வருகிறதே, அதில் பதுங்கித் தாக்கியதில் உடனிருந்தவர்கள் இறந்துபோனதைச் சொல்லிவிட்டு, இங்கே வெயிலும் சாவும் சேர்ந்தே பயணம் செய்கின்றன என்கிற மாதிரி எழுதுகிறான். பிரான்சுத் திரையில் அன்றைக்கு இவ்வளவு சொன்னதே பெரிது. இயக்குநர் கோதார் 1960இல் எடுத்த 'சின்னச் சிப்பாய்' அல்ஜீரிய விவகாரத்தைத் தொட்டதற்காக 1963 வரை தடையில் கிடந்தது. அரசாங்கம் அதைப் போர் என்று சொல்லவே இல்லை. "அல்ஜீரிய நிகழ்வுகள்" என்றார்கள், "ஒழுங்கு காக்கும் நடவடிக்கை" என்றார்கள். போர் என்று சட்டப்படி ஒப்புக்கொண்டது 1999இல்தான்.

#5 மாலைக்காட்சி

தபால்முத்திரை, அந்த 'எண்ணுக்கு எழுதுவது' என்பதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நன்றி.

நான் முதல் பதிவில் சொல்ல வந்ததும் இதுதான். 1954 முதல் 1962 வரை நடந்த போருக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டாயச் சேவைப் பையன்கள் அனுப்பப்பட்டார்கள். சட்டப்படி 18 மாதம் என்றிருந்த சேவை, 27 மாதம், அதற்கும் மேல் என்று இழுத்துக்கொண்டே போனது. அத்தனை பேரும் யாரோ ஒருத்தியை ரயில் நிலையத்தில் விட்டுவிட்டுத்தான் போயிருப்பார்கள். எண்பது வயது தாண்டிய பிரெஞ்சுக்காரர்களுக்கு இது காதல் படம் மட்டும் இல்லை.

#6 கரிசல்மண்

சரி, வயதையும் சூழ்நிலையையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தெமியே காத்திருந்த ஒரு பெண்ணைப் படமாக எடுத்திருக்கிறாரே. 1961இல் வந்த 'லோலா'. வயிற்றில் பிள்ளையோடு விட்டுப் போனவனுக்காக அவள் ஏழு வருடம் காத்திருக்கிறாள். அவனும் வெள்ளைக் காரில் திரும்பி வருகிறான். அனூக் ஏமே நடித்தது. ஏழு வருடம் ஒருத்தியால் முடிந்தது.

#7 இரவுவாசகி

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். ஆனால் அந்தப் படத்திலேயே அவளைக் காதலித்துக் கைவிடப்பட்டவன் யார்? இதே ரோலான் கஸார்தான். அதே நடிகர், மார்க் மிஷெல். 'குடைகள்' படத்தில் அவன் மதாம் எமெரியிடம், முன்பு லோலா என்று ஒருத்தியை நேசித்தேன் என்று சொல்லும்போது கேமரா திடீரென்று நாந்த் நகரத்தின் பொம்ரே நடைக்கூடத்துக்குள் போகும். ஆள் நடமாட்டமே இல்லாத அந்த மாடங்களை மெதுவாகச் சுற்றிவிட்டு வரும். முதல் படத்தில் அந்த இருவரும் சந்தித்த இடம் அது.

அப்படியானால் இதைப் பாருங்கள். லோலா காத்திருந்தாள், அதனால் ரோலான் உடைந்தான். ழெனெவியேவ் காத்திருக்கவில்லை, அதனால் கீ உடைந்தான், ரோலானுக்கு ஒரு குடும்பம் கிடைத்தது. காத்திருப்பதுதான் உயர்ந்தது என்று தெமி எங்கேயும் சொல்லவில்லை. யார் காத்திருந்தாலும் யாரோ ஒருவருக்கு வலிக்கிறது.

ரோலானைக் கெட்டவனாக்காமல் விட்டதற்காகவே இந்த இயக்குநரைக் கும்பிடலாம். அவள் வயிற்றில் வேறொருவன் பிள்ளை என்று தெரிந்தபின்னும், நாம் இருவரும் சேர்ந்து வளர்ப்போம், அது நம் குழந்தை என்கிறான். வேறு எந்தப் படமாக இருந்தாலும் இந்த ஆளுக்கு ஒரு மீசையும் கள்ளச் சிரிப்பும் கொடுத்திருப்பார்கள்.

#8 நெகட்டிவ்

எல்லாரும் கதையிலேயே இருக்கிறீர்கள். கொஞ்சம் நிறத்துக்கும் பாட்டுக்கும் வாருங்கள்.

படம் முழுக்கப் பாட்டு. 'பாட்டு நிறைய இருக்கிற படம்' என்று நினைத்துப் போகிறவர்கள் திகைத்துவிடுவார்கள், ஏனென்றால் தனிப் பாட்டு என்று ஒன்றும் இல்லை. "வண்டி தயாரா?", "சாப்பிட்டாயா?", "கதவை மூடு" எல்லாமே இசையில்தான். மிஷெல் லெகிரான் இசை. முதல் காட்சியிலேயே காரேஜில் ஒரு மெக்கானிக், எனக்கு ஓபரா பிடிக்காது, எல்லாரும் பாடிக்கொண்டே இருப்பார்கள், சினிமாதான் பிடிக்கும் என்று பாடுகிறான்!

திரையில் இருப்பவர் யாரும் சொந்தக் குரலில் பாடவில்லை. கேத்தரின் தெனெவுக்கு டானியேல் லிகாரி, கீயாக நடித்த நீனோ காஸ்டெல்நுவோவோவுக்கு ஹோசே பார்ட்டெல். முழு ஒலிப்பதிவும் முடிந்த பிறகுதான் படப்பிடிப்பே. அதாவது ஒரு பார்வை எத்தனை நொடி, வாசலிலிருந்து நாற்காலி வரை எத்தனை அடி எல்லாம் முன்கூட்டியே இசையில் முடிவாகிவிட்டது. நடிகர் நினைத்தால் ஒரு நொடி கூடுதலாக நிற்க முடியாது.

இதை நான் மாலைக்காட்சி சொன்னதோடு சேர்த்துப் பார்க்கிறேன். ரயில் நிலையக் காட்சியில் அந்த மெட்டு ஏறிக்கொண்டே போகிறது, ரயில் நகர்கிறது, கேமரா ரயிலோடு போய்விடுகிறது, அவள் நடைமேடையில் சின்னதாகிக்கொண்டே போகிறாள். இன்னும் ஒரு நொடி நிற்கக் கூடாதா என்று நமக்குத் தவிக்கும். நிற்காது. நேரம் அவர்கள் கையில் இல்லை.

நிறம் பற்றி: கலை இயக்குநர் பெர்னார் எவேன் ஷெர்பூரின் நிஜக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் சுவர்களைப் புதிதாக வண்ணமடித்துக் கொடுத்தார். ஓர் இடத்தில் ழெனெவியேவின் உடையில் இருக்கும் பூவும் பின்னால் இருக்கும் சுவர்த்தாளின் பூவும் ஒன்றாகிவிடும், அந்த வீடே அவளை விழுங்கிவிட்டது போல. ஆனால் ஈஸ்ட்மன் கலர் என்கிற அன்றைய வண்ணச் சுருளின் நெகட்டிவ் வெளிறிப் போகும் தன்மை உடையது. சில வருடங்களில் பிரதிகள் எல்லாம் கெட்டுப்போயின. நல்லவேளையாக தெமி மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பிரித்துக் கறுப்பு-வெள்ளைச் சுருள்களில் பத்திரப்படுத்தியிருந்தார். கறுப்பு-வெள்ளை வெளிறாது. அவர் 1990இல் இறந்தபின், மனைவி அன்யெஸ் வர்தா அந்தச் சுருள்களிலிருந்து படத்தை மீட்டுக் கொடுத்தார். நாம் இன்று பார்க்கிற அந்த இளஞ்சிவப்பும் பச்சையும் அப்படித் திரும்பி வந்தவை.

நான் ஒரு போட்டோ லேபில் பத்து வருடம் வேலை பார்த்தவன். ஒரு புகைப்படம் வெளிறுவது என்றால் என்ன என்று தெரியும். தையலூசி அக்கா சொன்ன 'முகம் மறந்து புகைப்படம் மட்டும் மிஞ்சுவது' பற்றிப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது.

#9 கடற்கரைச்சாலை

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

எங்கள் தாத்தா சொல்தா. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். முதலில் இந்தோசீனா, அப்புறம் அல்ஜீரியா. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த புதுவைக் குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒருவராவது இருப்பார். ஜூலை 14ஆம் தேதி கடற்கரையில் இருக்கிற பிரெஞ்சுப் போர் நினைவிடத்துக்குப் பதக்கங்களைக் குத்திக்கொண்டு போவார். சின்ன வயதில் நானும் கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அவர் அல்ஜீரியாவைப் பற்றிப் பேசியதே இல்லை. இந்தோசீனாவைப் பற்றிப் பேசுவார், அங்கே மழை, காடு, சாப்பாடு எல்லாம் சொல்வார். அல்ஜீரியா என்றால் எழுந்து போய்விடுவார்.

பாட்டிதான் ஒருமுறை சொன்னார். கல்யாணமாகி ஆறு மாதத்தில் போனவர். கூடத்தில் சீருடையில் அவருடைய படம் மாட்டியிருந்தது. தினமும் அதைத்தான் பார்ப்பேன், அவர் திரும்பி வந்து வாசலில் நின்றபோது படத்தில் இருந்த ஆள் வரவில்லையே என்று இருந்தது, கொஞ்ச நாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். பாட்டி காத்திருந்தவர். காத்திருந்தவருக்கும் அதே மாதிரிதான் நடந்திருக்கிறது. கரிசல்மண் அண்ணா, உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பாட்டி சொன்னதைத்தான் எழுதினேன்.

#10 கரிசல்மண்

தம்பி, குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுதியதற்கு நன்றி. இதற்கு மேல் அவளைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனாலும் கீ பக்கம் என் மனசு சாய்வதை நான் மறைக்கப் போவதில்லை. திரும்பி வந்தவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. காரேஜில் முதலாளியோடு சண்டை, வேலை போகிறது. நொண்டிக்கொண்டே மதுக்கடைகளில் சுற்றுகிறான். ஒரு ராத்திரி ஒரு விலைமகளோடு போகிறான், அவள் பெயரும் ழெனெவியேவ். விடிந்து வீட்டுக்கு வந்தால் அத்தை இறந்துகிடக்கிறாள். நாட்டுக்காகப் போனவனுக்கு நாடு கொடுத்தது அந்த நொண்டல் மட்டும்தான்.

#11 இரவுவாசகி

மதலேனைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. பத்துப் பதிவு ஆகிவிட்டது.

அத்தைக்கு ஊசி போட்டு, சாப்பாடு கொடுத்து, வீட்டுக்கு ஓர் ஓரமாக நடமாடிக்கொண்டிருப்பவள். முதல் பாகத்திலேயே கீயை அவள் பார்க்கிற பார்வையைக் கவனியுங்கள். எதுவும் கேட்க மாட்டாள். உண்மையில் இந்தப் படத்தில் காத்திருந்தவள் அவள்தான். யாரும் காத்திருக்கச் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தவன் இல்லை. கடிதம் வந்தால் அது அவளுக்கு இல்லை.

கீ கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று கேட்கும்போது உடனே சரி என்று சொல்லவில்லை. உணவகத்தின் வெளியே ஆரஞ்சு நிற உடையில் உட்கார்ந்திருக்கிறாள். ழெனெவியேவை இன்னும் நினைக்கிறாயா, விரக்தியில் என்னைக் கேட்கவில்லையே என்று கேட்கிறாள். தனக்குக் கிடைப்பது மிச்சமா முழுசா என்று தெரிந்துகொள்ளத் துணிந்து கேட்ட பெண். தெமி அவளுக்கு அந்த நிறத்தைக் கொடுத்திருக்கிறார். ஷெர்பூரில் அதுவரை அவ்வளவு வெயில் பார்த்த நினைவே இல்லை எனக்கு.

#12 தையலூசி

இரவுவாசகி, இப்படி யோசித்ததே இல்லை. அடுத்த முறை மதலேனை மட்டும் பார்ப்பதற்காக ஒருதடவை பார்க்கப்போகிறேன்.

#13 தபால்முத்திரை

கடைசிக் காட்சிக்கு வருவோமா? எனக்கு இன்னும் தீராத கேள்வி அதுதான். 1963 டிசம்பர், கிறிஸ்துமஸ் இரவு, பனி. கீயின் பெட்ரோல் நிலையம், வெள்ளை வெளேரென்று. மதலேன் மகனைக் கூட்டிக்கொண்டு வெளியே போனதும் ஒரு கார் வந்து நிற்கிறது. ழெனெவியேவ். உள்ளே ஒரு சின்னப் பெண்.

கீ ஏன் அந்தக் குழந்தையைப் பார்க்கவில்லை? தன் ரத்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருபது அடியில் உட்கார்ந்திருக்கிறது.

#14 நெகட்டிவ்

கோபம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. பார்த்துவிட்டால் அவனால் அந்த மகனுக்கு முழு அப்பாவாக இருக்க முடியாது என்று நினைத்திருக்கலாம்.

#15 கரிசல்மண்

எனக்குக் கோபம்தான் தெரிகிறது. கோபம் இருப்பதில் தவறும் இல்லை.

#16 மாலைக்காட்சி

அந்தக் காட்சிக்கு முன்னால் முதல் பாகத்துக்குப் போக வேண்டும். இருவரும் காதலிக்கிற நாட்களில் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். ஒரு பெட்ரோல் நிலையம் வாங்குவோம், வெள்ளையாக இருக்கும் என்று கனவு. பெண் குழந்தை பிறந்தால் பிரான்ஸ்வாஸ் என்று பெயர். எல்லாம் விளையாட்டாகப் பேசுவதுதான்.

ஆறு வருடம் கழித்து அந்த இரவில் எல்லாமே நடந்திருக்கிறது. பெட்ரோல் நிலையம் இருக்கிறது. வெள்ளையாக. காரில் இருப்பவள் பெயர் பிரான்ஸ்வாஸ். மதலேனோடு வெளியே போன பையன் பெயர் பிரான்ஸ்வா. அந்த இளம் காதலர்கள் ஆசைப்பட்டதில் ஒன்றுகூடத் தவறவில்லை, அவர்கள் இருவரும் சேர்ந்து இருப்பதைத் தவிர.

அந்தப் பெயரை இருவரும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல். குழந்தையின் பெயர் என்ன என்று கீ கேட்டு, அவள் சொல்லும்போது அவன் முகத்தைப் பாருங்கள். தன் மகனுக்கு என்ன பெயர் என்று அவன் சொல்வதில்லை. தபால்முத்திரை, உங்கள் கேள்விக்கு என் பதில் அங்கேதான் இருக்கிறது. பெயரைக் கேட்டவுடனே அவன் அந்தக் குழந்தையைப் பார்த்துவிட்டான். உன் சாயல் நிறைய இருக்கிறது, பார்க்கிறாயா என்று அவள் கேட்கும்போது, நீ கிளம்பலாம் என்று நினைக்கிறேன் என்கிறான். அதில் எனக்குக் கோபம் கேட்கவில்லை. அதற்குமேல் ஒரு அடி வைத்தால் தாங்காது என்று தெரிந்தவனின் குரல்தான் கேட்கிறது.

#17 கடற்கரைச்சாலை

இன்றைக்கு அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அம்மாவுக்கு பிரெஞ்சு தெரியும் என்பதால் துணையெழுத்து இல்லாமலே பார்த்தார்.

அலுவலக அறைக்குள் இருவரும் நிற்கிறபோது நிலையத்துப் பையன் வந்து, சூப்பர் பெட்ரோல் போடவா, சாதாரணம் போடவா என்று கேட்பான். ஏதாவது போடு என்கிற மாதிரி அவள் பதில் சொல்வாள். அந்த இடத்தில் அம்மா அழுதுவிட்டார். அதுவரை அழவில்லை. ஏன் அங்கே என்று கேட்டேன். "உள்ளே என்ன நடந்தாலும் வெளியே ஒருத்தர் வந்து எத்தனை லிட்டர் என்று கேட்பார்கள்டா" என்றார்.

அப்புறம் அவள் கார் போய்விடுகிறது. மதலேனும் பையனும் திரும்பி வருகிறார்கள், கீ பனியில் ஓடிப்போய் அவனைத் தூக்கி விளையாடுகிறான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா விளையாடுறான்" என்றார்.

#18 கரிசல்மண்

ஆமாம். அந்த விளையாட்டில் பொய் இல்லை. அவன் நொண்டாமல் ஓடுகிறானா என்று பார்ப்பதற்காகவே இன்றிரவு கடைசிப் பத்து நிமிடத்தை மறுபடி போட்டுப் பார்க்கப்போகிறேன்.